உமரி முளைத்த நிலம் செத்த நிலமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசிய பேச்சு)

பரங்கிப்பேட்டை, சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று நம் கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உமரிச் செடியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சதைப்பற்றுள்ள சின்னச் சின்ன இலை, மழைக் காலத்தில் பச்சை, கோடையில் செம்மை. சில வீடுகளில் கீரையாகச் சமைப்பதும் உண்டு. அதற்குத் தனியாக உப்புப் போட வேண்டாம், செடியிலேயே இருக்கிறது.

ஒருவர் வயலின் மூலையில் இந்த உமரி தலைகாட்டிவிட்டால் போதும், "நிலம் போச்சு" என்று ஊரே சொல்லிவிடும். இரண்டு வருஷம் தரிசாகக் கிடக்கும். மூன்றாம் வருஷம் இறால் குட்டைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். சும்மா கிடக்கிற நிலம்தானே என்று வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்துவிட்ட நிலம் மறுபடி நெல் நிலமாகத் திரும்புவது லேசில்லை. பக்கத்து நிலமும் சேர்ந்து கெடும்.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நிலம் செத்துப்போச்சு என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அந்த உமரிச் செடி ஒன்றை வேரோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வருகிற மண்ணையும், ஒரு முழம் தள்ளி உப்புப் பூத்துக் கிடக்கிற வெறும் மண்ணையும் இரண்டு கையிலும் எடுத்துப் பாருங்கள். வெறும் மண் ஒன்று பொடியாக உதிரும், இல்லை பாளமாக இறுகிக் கிடக்கும். வேர் மண் சின்னச் சின்ன உருண்டையாகச் சேர்ந்திருக்கும், கொஞ்சம் ஈரமும் இருக்கும். ஒரே வயல், ஒரே உப்பு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? வேர் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் குடியிருக்கிறார்கள். பாக்டீரியா என்று சொல்கிறோமே, அந்த நுண்ணுயிர்கள்தான்.

பாக்டீரியா என்றதும் நோய்க் கிருமி என்று நினைத்துவிடாதீர்கள். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். மண்ணில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்யாதவை. சில, நமக்காகவே வேலை செய்கிறவை.

உப்பில் உயிர் வாழுமா?

நியாயமான கேள்வி. கருவாட்டுக்கு ஏன் உப்புப் போடுகிறோம்? கிருமி வளர்ந்து மீன் அழுகாமல் இருக்கத்தான். ஊறுகாய்க்கும் அதே கணக்கு. உப்பு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். கிருமியின் உடம்பில் இருக்கிற தண்ணீரை வெளியே இருக்கிற உப்பு இழுத்துக்கொள்ளும். கிருமி வாடிச் செத்துப்போகும்.

நெற்பயிர் உவர் நிலத்தில் காய்வதும் இதே காரணத்தால்தான். வயலில் தண்ணீர் நிற்கும், பயிர் மட்டும் நுனி கருகி நிற்கும். தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியவில்லை. போதாததற்கு, உப்பில் இருக்கிற சோடியம் வேர் வழியாக உள்ளே புகுந்து இலையையும் கெடுக்கிறது.

ஆனால் அதே கருவாடு சில சமயம் செம்மை பூத்துக் கெட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வேதாரண்யம் உப்பளத்துக்காரர்களைக் கேளுங்கள், பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பாக மாறுவதைச் சொல்வார்கள். அந்தச் சிவப்பு உயிருள்ளது. உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களின் நிறம் அது. உப்புக்கு அஞ்சாத உயிரும் உலகத்தில் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உப்பளத்தில் இருப்பவை நம் பயிருக்கு உதவாது. அவை உப்பு இல்லாவிட்டால் வாழ முடியாதவை. நமக்கு வேண்டியவை நடுத்தரமானவை. உப்பு வந்தால் தாங்கிக்கொள்ளும், உப்புக் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அவை எப்படித் தாங்குகின்றன? வெளியே உப்பு ஏறினால், தம் உடம்புக்குள்ளே தீங்கில்லாத சில சத்துப் பொருள்களைத் தயாரித்து நிரப்பிக்கொள்கின்றன. உள்ளேயும் கனம், வெளியேயும் கனம். தராசு சமமாகிவிடுகிறது, தண்ணீர் வெளியே ஓடுவதில்லை. இந்த நடுத்தர ஜாதிகள்தான் உமரி, அலையாத்தி மாதிரிச் செடிகளின் வேரடியில் கூட்டமாக இருக்கின்றன.

ஏன் வேரடியில் மட்டும் கூட்டம்? சோறு அங்கேதான் கிடைக்கிறது. பச்சை இலை வெயிலில் தயாரிக்கிற சர்க்கரையில் ஒரு பங்கை எந்தச் செடியும் வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. வீணாகக் கசிகிறதென்று நினைக்காதீர்கள், அது செடி கொடுக்கிற கூலி. வாங்கித் தின்கிறவர்கள் பதிலுக்கு வேலை செய்கிறார்கள். வேரைச் சுற்றியுள்ள இந்த மெல்லிய மண் பகுதிக்குத் தனிப் பெயர் வைத்து 1904-லேயே எழுதியவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர். நாம் வேர்மண்டலம் என்று சொல்கிறோம். வெறும் மண்ணில் இருப்பதைவிட வேர்மண்டலத்தில் பாக்டீரியாக்கள் பல மடங்கு அதிகம். உவர் நிலத்திலும் அப்படித்தான். உப்புப் பூத்த வெற்றிடத்தில் அவற்றுக்குத் தின்ன ஒன்றுமில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வயலில் இருக்கிற உமரியை முழுவதும் செதுக்கி எறிந்துவிட்டு, நிலத்தை மொட்டையாக வெயிலில் போட்டுவைத்தால் என்ன ஆகும்? கூலி நின்றுபோகும், ஆட்களும் போய்விடுவார்கள். மேலே நிழல் இல்லாததால் வெயில் நேராக அடித்து, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரைத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுத்து, உப்பை நிலத்தின் மேலே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும். மொட்டை நிலம் மூடிய நிலத்தைவிட வேகமாக உப்புப் பூக்கும்.

பிச்சாவரத்தில் கிடைத்தது

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு இருக்கிறதே, அங்கே கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்றில் ஒரு புல் வளர்கிறது. பார்த்தால் நெற்பயிர் மாதிரியே இருக்கும். உண்மையிலேயே நெல்லுக்கு நெருங்கிய உறவு, காட்டு நெல் ஜாதி. இலை வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும். அலையாத்தி மரத்துக்கும் இந்தச் சாமர்த்தியம் உண்டு. அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் காட்டு நெல்லின் வேரிலிருந்தும் தண்டிலிருந்தும் ஒரு பாக்டீரியாவைச் சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரித்தெடுத்தார்கள். அதுவரை யாரும் பதிவு செய்யாத வகை. 2004-ல் அதை உலகுக்கு அறிவித்தபோது விஞ்ஞானி சுவாமிநாதன் அவர்களின் பெயரையே வைத்து 'சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ்' என்று பெயரிட்டார்கள். பின்பாதிக்கு உப்பைத் தாங்குவது என்று பொருள். 3 சதவீத உப்பிலும் அது வளர்ந்தது. கடல் தண்ணீரில் இருப்பது சுமார் மூன்றரை சதவீதம் என்று நினைத்துக்கொண்டால், அது எவ்வளவு பெரிய தாங்கும் சக்தி என்று புரியும். அந்த உப்பிலும் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தையும் கரைக்கிறது.

இதேபோல் இன்னொன்று. பாகிஸ்தான் பக்கத்துப் பஞ்சாபில் உப்புக் கண்ட நிலத்தில் 'கல்லர் புல்' என்று ஒரு புல்லை வளர்க்கிறார்கள். நாம் களர் என்கிறோம், அவர்கள் கல்லர் என்கிறார்கள், காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுகிறது. அந்தப் புல்லின் வேரிலிருந்து எடுத்த புது வகை அசோஸ்பைரில்லத்தை 1987-ல் அறிவித்தார்கள். நீங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் பாக்கெட்டாக வாங்குகிறீர்களே, அந்த அசோஸ்பைரில்லத்துக்கு இது சித்தப்பா மகன் மாதிரி. ஆனால் உப்பை விரும்புகிறது.

ஆக, உப்பு நிலத்தில் வளர்கிற செடி தனியாக நின்று உப்போடு மல்லுக்கட்டவில்லை, கூட ஆள் இருக்கிறது. அந்த ஆட்களை நம் நெல்லுக்கும் உளுந்துக்கும் கூட்டிவர முடியுமா என்பதுதான் பல ஆய்வுக்கூடங்களில் நடக்கிற வேலை.

அவை என்ன வேலை செய்கின்றன?

முதலில் பிசின் விஷயம். இந்த பாக்டீரியாக்களில் பல, உடம்பைச் சுற்றி ஒரு கொழகொழப்பான பிசினைச் சுரக்கின்றன. முன்னே சொன்னேனே, உமரி வேரில் மண் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வருகிறதென்று. வேரின் பின்னலோடு இந்தப் பிசினும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிசின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சோடியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிவைத்து வேருக்குள் போகாமல் தடுக்கும். மண் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே சந்து விழுவதால் மழைத் தண்ணீர் கீழே இறங்க வழி கிடைக்கும். நமக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது கொஞ்சம் வேடிக்கையானது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற வாயு ஒன்று உண்டு, எத்திலீன் என்று பெயர். அதைக் காய் மட்டும்தான் உண்டாக்கும் என்றில்லை. பயிருக்கு ஒரு கஷ்டம் வந்தால், வறட்சியோ வெள்ளமோ உப்போ, அது தன் உடம்பில் இந்த வாயுவை அளவுக்கு மீறி உண்டாக்கும். பழத்துக்கு நல்லது இளம் பயிருக்கு ஆகாது. வேர் வளர்வது நிற்கும், இலை சீக்கிரம் மஞ்சளாகும். உப்பு கெடுத்தது பாதி என்றால், பயிர் பயந்துபோய்த் தன்னைத்தானே கெடுத்துக்கொள்வதும் கொஞ்சம் உண்டு. வேர்மண்டல பாக்டீரியாக்களில் சில, அந்த வாயு உண்டாவதற்கான மூலப்பொருளையே வேரிலிருந்து வாங்கித் தின்றுவிடுகின்றன. அதில் அவற்றுக்குத் தழைச்சத்து கிடைக்கிறது. வாயு குறைகிறது, வேர் மறுபடி ஓடுகிறது. நெற்பயிர் உப்புக்கு ரொம்பவும் அஞ்சுவது இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுப் பருவத்திலும், பிறகு பூக்கும் பருவத்திலும்தான். நாற்றுப் பருவத்தில் இந்த உதவி கிடைத்தால் பயிர் தப்பிப் பிழைக்கும்.

மற்றபடி தழைச்சத்துப் பிடிப்பது, மணிச்சத்துக் கரைப்பது, வேர் கிளைக்கத் தூண்டுவது எல்லாம் நல்ல நிலத்தில் நடப்பதுதான். உங்களுக்குத் தெரிந்த சங்கதி.

செய்ய முடியாதது எது?

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். "எங்கள் மருந்தில் உப்பைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது. ஏக்கருக்கு இத்தனை பாட்டில் ஊற்றினால் நிலம் நல்ல நிலமாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், காசை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உப்பைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா கிடையாது. உப்பு தின்று செரிக்கிற பொருளே இல்லை. அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், அவ்வளவுதான். நிலத்தைவிட்டு அதை வெளியேற்ற நம்மிடம் இருப்பது தண்ணீரும் வடிகாலும்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குக் கடல் தண்ணீர் ஏறி நின்று காய்ந்துவிட்டது என்று வையுங்கள். அதில் எவ்வளவு உப்பு இருக்கும் தெரியுமா? சுமார் மூன்றரை டன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் வயல்களில் ஏறியது ஓர் அங்குலமா? ஆள் உயரத்துக்கு ஏறிய இடமும் உண்டு. வடிந்தது போக மண்ணில் தங்கியதே எவ்வளவோ.

"உமரியே உப்பை இழுத்துக்கொள்ளுமே, அதை வளர்த்து உப்பை எடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். கேள்வி சரி. நம் தமிழ்நாட்டிலேயே செய்து 2007-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உமரி 4 மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து சுமார் 500 கிலோ உப்பை எடுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு 200 கிலோ. மோசமில்லை. ஆனால் மூன்றரை டன்னுக்கு முன்னால் 200 கிலோவை வைத்துப் பாருங்கள். அதுவும் செடியை அறுத்து வயலைவிட்டு வெளியே கொண்டுபோனால்தான். அங்கேயே காயவிட்டாலும், மடக்கி உழுதாலும், எடுத்த உப்பு அத்தனையும் திரும்ப அதே மண்ணுக்குத்தான்.

ஆகவே உமரியையும் பாக்டீரியாவையும் உப்பு எடுக்கிற ஆட்களாகப் பார்க்காதீர்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழி செய்கிறவர்கள், பயிர் முதல் ஒரு மாதம் தாங்கி நிற்கத் துணை செய்கிறவர்கள் என்று பாருங்கள். உப்பைக் கழுவுவது ஐப்பசி கார்த்திகை மழை. பிசினும் வேரும் சந்து உண்டாக்கிவைத்த மண்ணில் அந்த மழை இறங்கி உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். பாளமாக இறுகிய மண்ணில் மேலாக ஓடிவிடும். முன்பு பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான்.

எப்படிச் செய்வது?

மழைக்கு முன்னால் உமரியை மண்ணை ஒட்டி அரிவாளால் அறுத்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். களைக்கொத்தியால் செதுக்க வேண்டாம், வேர் மண்ணிலேயே இருக்கட்டும். அறுத்த உமரியை எருக்குழியில் போடக்கூடாது. அதையே எருவாக அடித்தால் உப்பையும் சேர்த்து அடித்தது போலாகும்.

வரப்பைச் சுற்றிலும் உயர்த்திக் கட்டுங்கள். தாழ்ந்த மூலையில் வடிகால் மடை ஒன்று வையுங்கள். மழைத் தண்ணீர் அரையடி நிற்கட்டும். இரண்டு மூன்று நாள் நின்றதும் வடித்துவிடுங்கள். மறுபடி நிரப்புங்கள், மறுபடி வடியுங்கள். வடிகிற தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகாமல் வாய்க்காலில் சேர வேண்டும். இதற்கு நாலைந்து பேர் சேர்ந்து வேலை செய்தால்தான் முடியும். ஒருவர் வயலை மட்டும் கழுவி ஒன்றும் நடக்காது, பக்கத்து வயலிலிருந்து ஊறிவந்துவிடும். 2005-ல் பெய்த பெருமழை, ஆழிப்பேரலை விட்டுப்போன உப்பை நாகைப் பக்கம் பல வயல்களில் கழுவிக் கொடுத்தது. வடிகால் நன்றாக இருந்த இடத்தில்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.

ஜிப்சம் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இங்கே களர், உவர் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் களர் என்றே சொல்லிவிடுகிறோம். உவர் நிலத்தில் உப்பு கரைந்த நிலையில் இருக்கிறது, நல்ல தண்ணீர் கழுவிவிடும். களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவைத்திருக்கிறது. அதைப் பெயர்த்தெடுக்க ஜிப்சம் வேண்டும், போட்ட பிறகு கழுவவும் வேண்டும். கடலோர நிலத்தில் இரண்டும் கலந்தும் இருக்கும். எது எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். கண்ணால் பார்த்து மூட்டைக் கணக்கில் ஜிப்சம் வாங்கிப் போடாதீர்கள்.

உப்பு ஓரளவு இறங்கியதும், அடுத்த ஆடியில் கிடைக்கிற மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். உப்பை ஓரளவு தாங்கும். அதன் வேர் முடிச்சுக்குள்ளும் பாக்டீரியாதான் இருக்கிறது. பூக்கிற சமயம், 45 நாள் வாக்கில் மடக்கி உழுதுவிடுங்கள். பாக்டீரியா பாக்கெட் வாங்குவதற்கு முன்னால் இந்தத் தழையுரம் போக வேண்டும். சாப்பாடு இல்லாத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்டால் அவன் எத்தனை நாள் தங்குவான்? மண்ணில் மக்கு இல்லாவிட்டால் பாக்கெட் பாக்டீரியாவும் அப்படித்தான், பத்து நாளில் காணாமல் போய்விடும். சும்மா பயனில்லை என்று சொல்கிறவர்கள் பலர் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளையாக உப்புப் பூத்த மிக மோசமான திட்டில் தக்கைப்பூண்டும் முளைக்காது. அந்த இடத்தை அந்த வருஷம் உமரிக்கே விட்டுவிடுங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வருஷத்துக்குக் கொஞ்சமாகப் பள்ளத்துப் பக்கம் இறங்குங்கள். உமரி பின்வாங்கி அந்த இடத்தில் அருகும் கோரையும் எட்டிப் பார்த்தால் உப்புக் குறைகிறதென்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பயிர். நேரடியாக விதைக்கிறவர்களுக்குக் குழியடிச்சான் மாதிரி உப்புத் தாங்கும் பழைய ரகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. களர்த் தன்மை அதிகமுள்ள நிலத்துக்குத் திருச்சி வரிசை ரகங்கள் உண்டு. நடவு செய்தால் சற்று முதிர்ந்த நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நடுங்கள்.

இப்போது பாக்கெட். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா 200 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும். விதைக்கானால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். நாற்றுக்கானால் ஏக்கருக்கு 2 பாக்கெட்டை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணியிலிருந்து அரை மணி வரை வேர் நனைய வைத்து நடுங்கள். வயலில் போட 4 பாக்கெட்டை 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மணலோடு கலந்து தூவலாம். உப்பு நிலத்தில் எனக்கு வேர் நனைக்கிற முறைதான் பிடிக்கும். பாக்டீரியா வேரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது, வெறும் உப்பு மண்ணில் தனியாக அலைய வேண்டியதில்லை. ரசாயன உரத்தோடோ பூச்சி மருந்தோடோ கலக்கவே கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்த பாக்டீரியா, எந்தத் தேதியில் தயாரித்தது, எதுவரை உயிரோடு இருக்கும், ஒரு கிராமில் எத்தனை என்று அச்சிட்டிருக்க வேண்டும். பொடியாக இருந்தால் கிராமுக்கு 5 கோடி, திரவமானால் மில்லிக்கு 10 கோடி, இது சட்டப்படியான குறைந்த அளவு. வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ உப்பு நிலத்திலிருந்து எடுத்த வகை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். நல்ல நிலத்திலிருந்து எடுத்த வகைக்கு உப்பில் கை கால் ஓடாது.

"அதெல்லாம் எதுக்கு, உமரி வேர்மண்ணையே அள்ளி நாற்றங்காலில் போட்டால் என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். புத்திசாலித்தனமான கேள்விதான். ஆனால் அந்த மண்ணோடு உப்பும் வரும். நல்லதும் கெட்டதும் கலந்து வரும், நோய் உண்டாக்குகிறவையும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கில் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் இரண்டு மூன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேறியதும்கூடச் சட்டியில் அமோகமாக வேலை செய்துவிட்டு வயலில் சோடை போவது உண்டு.

அதனால் யார் சொன்னாலும், நான் சொன்னாலும், முழு நிலத்திலும் இறங்கிவிடாதீர்கள். ஒரு மா நிலத்தை நடுவில் வரப்புப் போட்டு இரண்டாக்குங்கள். ஒரே நாற்று, ஒரே உரம், ஒரே தண்ணீர். ஒரு பாதி நாற்றை மட்டும் பாக்டீரியாவில் நனைத்து நடுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் குத்தில் தூர் எண்ணுங்கள். அறுப்பில் இரண்டையும் தனித்தனியாக அடித்து எடை போடுங்கள். பாக்கெட் விலைக்கு மேல் நெல் கூடியதா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும்.

மண் மாதிரியைக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள், உப்பு மேலே ஏறி நிற்கிற காலம் அது. மேலே பூத்த வெள்ளை உப்பைத் தனியாகச் சுரண்டி ஒரு பையில் போடுங்கள். அதன் அடியில் அரையடி மண் ஒரு பை, அதற்கும் கீழே அரையடி இன்னொரு பை. உமரி இருக்கிற இடம், மொட்டைத் திட்டு, பயிர் சுமாராக வருகிற இடம் மூன்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக எடுத்துப் பெயர் எழுதுங்கள். முடிவுச் சீட்டில் மின் கடத்தும் திறன் என்று ஓர் எண் இருக்கும். நெல்லுக்கு அது 3-ஐத் தாண்டினாலே மகசூல் இறங்க ஆரம்பிக்கும், 7 வாக்கில் பாதியாகிவிடும். இது மண்ணைச் சேறாகக் குழைத்து அதிலிருந்து எடுத்த நீரில் அளக்கிற கணக்கு. தண்ணீர் அதிகம் கலந்து அளந்தால் எண் குறைவாக வரும். எந்த முறையில் அளந்தீர்கள் என்று அங்கேயே கேட்டு, சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.